இன்னொண்ணு மாஸ்டரும் ஒழுகல் வாளியும்

எங்க மாமா தரையில உக்காந்தா எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆகும். முதல்ல வலது கை முழங்காலைத் தேடும். அப்புறம் இடது கை சுவத்தைத் தேடும். கடைசியா வாய் "அம்மா"ன்னு அவங்க அம்மாவைத் தேடும். மூணும் கிடைச்சாத்தான் ஆள் மேல வருவாரு. இப்படிப்பட்ட மனுசன் வாரத்துல நாலு நாள் சாயங்காலம் சின்னப் புள்ளைங்களுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறாருன்னா யாராவது நம்புவாங்களா? ஹால் சாவி என் இடுப்புல தொங்குது, தினம் கண்ணால பாக்கறேன், அதனால நான் நம்பறேன்.

மாமான்னா என் அக்கா வீட்டுக்காரரு. ஹால்னா எங்க ஏரியா பொது ஹால். தகரக் கூரை, நாலு டியூப்லைட்டு, அதுல ரெண்டு எப்பவும் கண்ணடிச்சிக்கிட்டே இருக்கும். கதவைத் திறக்கறது, கூட்டறது, வலை கட்டறது, பந்துக்குக் காத்தடிக்கறது, திரும்பக் கதவை மூடறது, இதெல்லாம் என் வேலை. மாமா என்னை "வெளக்கமாத்து அதிகாரி"ம்பாரு. நான் மட்டும் சும்மா இருப்பேனா? புள்ளைங்க அவருக்கு வெச்ச பேரைத்தான் நானும் கூப்பிடறேன். இன்னொண்ணு மாஸ்டர்.

ஏன் அந்தப் பேருன்னா, ஒரு புள்ள நூறு தடவை பந்தைத் தட்டிட்டு நாக்கு தள்ளி நிக்கும். "முடிஞ்சிருச்சு மாஸ்டர்"னு சொல்லும். இவரு சுவத்துல சாஞ்சுக்கிட்டே, "இன்னொண்ணு"ம்பாரு. அது முடிஞ்சா மறுபடியும் இன்னொண்ணு. அந்தக் கடைசி இன்னொண்ணு வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சிரும்.

காலையில ஏழு மணிலருந்து நாலு மணி வரைக்கும் அவருக்கு பார்சல் குடோன்ல வேலை. பொட்டி வரும், லேபிள் ஒட்டணும், தள்ளணும். அடுத்த பொட்டி. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பொட்டி. அங்க அவரு பேரு பதினேழு. சட்டையில அந்த நம்பர்தான் தச்சிருக்கு. "பதினேழு, இங்க வா. பதினேழு, டீ குடிச்சது போதும்." அஞ்சு மணிக்கு ஹாலுக்குள்ள கால் வெச்சா மட்டும்தான் "மாஸ்டர்". ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் அவருக்கு ஒரு மரியாதையான பேரு இருந்துச்சு. அதுக்காகத்தான் அந்த முழங்காலை அவ்ளோ தூரம் இழுத்துக்கிட்டு வந்தாரு. அவரு வாயால சொன்னதில்ல. நான் சொல்றேன்.

அந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்துச்சு.

ஒரு நாள் ஹால் மேனேஜர் வந்தாரு. மனுசன் ஆளைப் பாத்துப் பேச மாட்டாரு, கைக்கடிகாரத்தைப் பாத்துத்தான் பேசுவாரு. அந்தக் கடிகாரத்துக்கிட்டச் சொன்னாரு:

"மாஸ்டர், ஆரம்பிக்கறப்ப இருபத்திரெண்டு புள்ளைங்க. இப்ப எத்தனை?"

"ஒன்பது சார்."

"எடை குறைக்கற வகுப்புக்காரங்க நாப்பது பேரு இந்த நேரத்தைக் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

நான் குறுக்க போனேன். "சார், நாப்பது பேரு எடையோட குதிச்சா தரை தாங்காது சார்."

மேனேஜர் கடிகாரத்தைக்கூட என் பக்கம் திருப்பல. "அடுத்த மாசக் கடைசியில ஹாலுக்கும் ஹாலுக்கும் போட்டி இருக்கு. அன்னிக்கு பன்னெண்டு புள்ளைங்க வரிசையில நிக்கணும். மூணு செட்டுல ஒரு செட்டாவது எடுக்கணும். இல்லன்னா இந்த நேரம் அவங்களுக்கு. தப்பா நினைக்காதீங்க."

அவரு போனதும் மாமா உக்காந்தாரு. நான் சொன்னேனே, அவரு உக்காந்தா அது சாதாரண விசயம் இல்ல.

புள்ளைங்க ஏன் ஓடிப் போச்சுங்கன்னு ஹால்ல இருக்கற பல்லிக்குக்கூடத் தெரியும். வந்ததும் ஆளுக்கொரு சுவத்தைப் பிடிச்சுக்கணும். ரெண்டு கையையும் சேத்து நீட்டி, பந்தை முன்னங்கையில வாங்கி சுவத்துக்கு அனுப்பணும். அதுக்குப் பேரு பாஸ். இருநூறு பாஸ். நாளைக்கும் இருநூறு. அடுத்த வருசமும் இருநூறு. மாமா சின்ன வயசுல இப்படித்தான் கத்துக்கிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்துல அடிச்சு அடிச்சு, அவங்க குடும்பமே வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிருச்சாம். இதை அவரு பெருமையாச் சொல்லுவாரு.

மிச்சம் இருந்த ஒன்பதுல ரெண்டு பேரை நீங்க தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, வக்கீல். ஒன்பது வயசுப் பொண்ணு. "உக்காரு"ன்னு சொன்னா "எதுக்கு உக்காரணும், எவ்ளோ நேரம் உக்காரணும், நின்னா என்ன தப்பு"ன்னு மூணு கேள்வி கேட்டுட்டுத்தான் உக்காரும். இன்னொண்ணு, கொட்டாவி. பத்து வயசுப் பையன், பனை மரம் மாதிரி உசரம். அவன் வாயைத் திறந்தா பந்தே உள்ள போயிரும், அவ்ளோ பெரிய கொட்டாவி. ஒருத்தன் கொட்டாவி விட்டா வரிசையா எல்லாரும் விடுவாங்க, கடைசியில நானும் வெளக்கமாத்தோட விடுவேன்.

எண்ணிக்கையிலயும் நல்லா ஏமாத்துவாங்க. "முப்பத்தாறு, முப்பத்தேழு, அம்பத்திரெண்டு..."

"நில்லு. முப்பத்தேழுக்கு அப்புறம் என்ன?"

வக்கீல் சொல்லும்: "மாஸ்டர், நேத்து பதினஞ்சு கூட அடிச்சேன். அதை இன்னிக்குக் கழிச்சிக்கிட்டேன்."

மாமாவுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது. கண்ணை மூடிக்கிட்டு, "இன்னொண்ணு"ம்பாரு.

மேனேஜர் சொல்லிட்டுப் போன மறு வாரம் மழை பிடிச்சுது. கூரை ஒழுகுச்சு. ஆட்டக் களத்துக்குள்ளயே, வலையிலருந்து நாலு எட்டு பின்னாடி, இடது ஓரத்துல, பொட்டு பொட்டுன்னு. பெரிய இரும்பு வாளி ஒண்ணைக் கொண்டாந்து நான்தான் அடியில வெச்சேன். இந்தக் கதையில நான் செஞ்ச ஒரே வேலை அதுதான், அதுவும் வம்பா முடிஞ்சுது.

கொட்டாவி சுவத்துல அடிச்சுக்கிட்டிருந்தான். கொட்டாவி வந்துச்சு, கை கோணலாப் போச்சு, பந்து பின்னாடி பறந்து வாளி விளிம்புல பட்டுச்சு. டங்! கோயில் மணி தோத்துரும். ஹாலே திரும்பிப் பாத்துச்சு. ரெண்டு நிமிசம் கழிச்சு வக்கீல் அடிச்ச பந்து வாளிக்குள்ளயே விழுந்துச்சு. சளப்! தண்ணி தெறிச்சு என் மூஞ்சியெல்லாம் ஈரம். ஒன்பது புள்ளைங்களும் சிரிச்ச சிரிப்புல இன்னும் ரெண்டு ஓட்டை விழுந்திருக்கும் கூரையில.

மாமா கத்துனாரு. "விளையாட்டா இது?"

வக்கீல் கேட்டுச்சு: "ஆமா மாஸ்டர். வாலிபால் விளையாட்டுதானே?"

மாமா நேரா வாளிகிட்டப் போனாரு. வாளியைத் தூக்கி ஓரமா வெச்சாரு. தரை நனைஞ்சு ரெண்டு புள்ளைங்க வழுக்கி விழுந்துச்சுங்க. திரும்பவும் வாளியைக் கொண்டாந்து அதே இடத்துல வெச்சாரு. அன்னிக்கு யாரும் சுவத்தைப் பாக்கவே இல்ல. எல்லாக் கண்ணும் வாளி மேல.

மறுநாள் அவரு சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாரு. அக்கா என்கிட்டக் கொடுத்தா. "கொண்டு போய்க் கொடுத்துட்டு அப்படியே கேட்டுட்டு வா. என்னைக் கட்டிக்கிட்டாரா, அந்த வலையைக் கட்டிக்கிட்டாரா? சாயங்காலம் வீட்ல இருந்தா அந்த முழங்காலுக்கு எண்ணெயாவது தேய்க்கலாம்." அவளுக்கு அந்த எடை குறைக்கற வகுப்பு ஜெயிச்சா சந்தோசம். மூஞ்சிலயே தெரிஞ்சுது.

குடோன்ல மாமா முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தாரு. நான் பின்னால நின்னு பாத்தேன். ஒரு பொட்டி வந்துச்சு. காதுகிட்ட வெச்சு ஒரு ஆட்டு ஆட்டுனாரு. "செருப்பு"ன்னு தனக்குத்தானே சொன்னாரு. லேபிள் ஒட்டித் தள்ளுனாரு. அடுத்தது. ஆட்டுனாரு. "கண்ணாடி டம்ளர். ஒண்ணு உடைஞ்சிருக்கு." அடுத்தது. "புஸ்தகம். பாவம் எந்தப் புள்ளையோ."

"மாமா, என்ன பண்றீங்க?"

திருடன் மாட்டுன மாதிரி திரும்புனாரு. "ஒண்ணுமில்லடா. சும்மா. இது இல்லன்னா பத்து மணிக்கே நின்னபடி தூங்கிருவேன்."

"எத்தனை வருசமா?"

"பதினோரு வருசம்."

"சரியாச் சொல்லுவீங்களா?"

"யாரு பிரிச்சுப் பாத்தா? ஆனா செருப்பு மட்டும் தப்பாது."

நான் விடுவேனா? "அடப்பாவி மாமா! உங்களுக்கு மட்டும் பொட்டிக்குள்ள ஆட்டம் வேணும், அந்தப் புள்ளைங்க மட்டும் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருநூறு எண்ணணுமா? வக்கீல்கிட்டச் சொன்னேன்னா உங்களைக் கோர்ட்டுல நிறுத்திரும்."

அவரு டப்பாவை வாங்கிக்கிட்டாரு. சிரிக்கல. அடுத்த பொட்டியை ஆட்டாமலே லேபிள் ஒட்டுனாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் வந்ததும் அவரு சொன்ன முதல் வார்த்தை: "சுவத்தை விடுங்க. எல்லாரும் பின்னால வரிசையா நில்லுங்க. நான் வலைக்கு அந்தப் பக்கம் நின்னு பந்தைப் போடுவேன். நீங்க பாஸ் பண்ணணும். வாளி விளிம்புல பட்டா ஒரு பாயிண்ட். உள்ள விழுந்தா அஞ்சு."

அப்புறம் நடந்ததைச் சொன்னா பொய்ம்பீங்க. கொட்டாவி அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருந்தான். அவன் பல்லு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. இருநூறு அடிக்க மாட்டேன்னு அழுத புள்ளைங்க முந்நூறு நானூறு அடிச்சுதுங்க, யாரும் எண்ணக்கூட இல்ல. ஏழு மணிக்கு நான் விளக்கை அணைச்சா, "அண்ணே, இன்னொண்ணு! அண்ணே, ஒரே ஒண்ணு!" மாஸ்டர் சொல்ற வார்த்தையை இப்ப அதுங்க சொல்லுச்சுங்க. ஒரு புள்ள அதோட சித்தி பையனைக் கூட்டிட்டு வந்துச்சு. இன்னொரு புள்ள பக்கத்து வீட்டு ரெண்டு பேரை இழுத்துட்டு வந்துச்சு. இப்படியே ஒவ்வொண்ணாச் சேந்து, மூணாவது வாரம் பதினாலு பேரு.

மழை நின்னுச்சு. மேனேஜர் ஆள் அனுப்பிக் கூரையை அடைச்சாரு. ஒழுகல் போச்சு, ஆனா வாளி போகல. நானே தண்ணி ரொப்பி அதே இடத்துல வெப்பேன். தரையில வாளி அடி பட்டு வட்டமாத் துருக் கறையே விழுந்துருச்சு. கறை மேல கரெக்டா வெக்கலன்னா வக்கீல் வந்து காலால நகர்த்தி வெச்சிட்டுப் போகும்.

மாமாவுக்கும் நிம்மதி. முன்ன மாதிரி கத்த வேண்டாம், எண்ண வேண்டாம். ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு பந்தைப் போட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசி வாரம் மட்டும், "ரெண்டு அணியாப் பிரிஞ்சு ஆட்டம் ஆடிப் பாப்போமா?"ன்னு கேட்டாரு. பதினாலு பேரும் "வாளி! வாளி!"ன்னு ஹாலே இடியற மாதிரி கத்துச்சுங்க. அவரு என்னைப் பாத்தாரு. நான் என்ன சொல்ல? அன்னிக்குக் குடோன்ல ஆயிரத்து ஐநூறு பொட்டி. கண்ணு உள்ள போயிருந்துச்சு. "சரி, வாளியே ஆடுங்க"ன்னுட்டாரு. அங்கதான் கோட்டை விட்டோம்.

போட்டி நாள். பக்கத்து ஏரியா ஹால். பன்னெண்டு வேணும்னாரு மேனேஜர், நாங்க பதினாலு பேரை நிறுத்துனோம். அவரு கடிகாரத்துக்கிட்ட "பரவாயில்லயே"ன்னாரு. அக்காகூட வந்திருந்தா. எதுக்கு வந்தான்னு நான் கேக்கல.

வாலிபால்ல பின்னால நிக்கறவங்க பாஸ் பண்ணா, பந்து வலைக்குப் பக்கத்துல நிக்கற புள்ளைக்குப் போகணும். அந்தப் புள்ள தூக்கிக் கொடுக்கும். உசரமான புள்ள அடிக்கும். எங்க அணியில தூக்கிக் கொடுக்கறது வக்கீல், அடிக்கறது கொட்டாவி. முதல் பந்து வந்துச்சு. எங்க புள்ள ஒண்ணு அழகா கையைச் சேத்து வாங்குச்சு. என்ன அழகு! பந்து வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு, வலையிலருந்து நாலு எட்டு பின்னாடி, இடது ஓரத்துல, யாருமே இல்லாத இடத்துல பொத்துனு விழுந்துச்சு.

நான் தற்செயல்னு நினைச்சேன். ரெண்டாவது பந்து. அதே இடம். மூணாவது. அதே இடம். ஒரு சாண் தள்ளிக்கூட இல்ல. பாக்க வந்தவங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. எதிர்ப்பக்கத்துப் புள்ளைங்க, "அங்க என்ன பேய் நிக்குதா?"ன்னு கேட்டுச்சுங்க. எனக்கு மட்டும் அங்க துருக் கறையோட ஒரு வாளி நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுது.

மாமாவுக்கும் தெரிஞ்சுது. பென்ச்சுல உக்காந்திருந்தவரு மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு. அஞ்சு வாரமா வலைக்குப் பக்கத்துல ஒரு மனுசப் புள்ளையை அவரு நிறுத்தவே இல்ல. வக்கீலும் வாளி வரிசையிலதான் நின்னுச்சு. பாஸ் சொல்லிக் கொடுத்தாரு, நல்லாவே சொல்லிக் கொடுத்தாரு. வாளிக்கு.

"எல்லாம் என் சோம்பேறித்தனம்டா"ன்னாரு மெதுவா. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த வாளியை நகர்த்தி வெச்சிருந்தா..."

"வெச்சது நான்தானே மாமா."

"நீ ஒழுகலுக்கு வெச்ச. நான்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

முதல் செட்டு பதினஞ்சுக்கு நாலு. அந்த நாலும் எதிர்ப்பக்கம் வெளிய அடிச்சது. இன்னொரு செட்டு போனா எல்லாம் முடிஞ்சுது. நாப்பது பேரு வந்து குதிப்பாங்க, மாமா காலையிலருந்து ராத்திரி வரைக்கும் வெறும் பதினேழு.

நடுவுல ரெண்டு நிமிசம் விட்டாங்க. புள்ளைங்க சுத்தி நின்னுச்சுங்க. மாமா எந்திரிச்சாரு. முழங்கால், சுவரு, அம்மா, மூணையும் தேடித்தான் எந்திரிச்சாரு. "புள்ளைங்களா, பந்து வலைக்கு வரணும். வக்கீலைப் பாத்து அனுப்புங்க."

கொட்டாவி சொன்னான்: "மாஸ்டர், கை தானா அங்க போகுது மாஸ்டர்."

"தெரியும்டா. கொஞ்சம் முயற்சி பண்ணி..."

வக்கீல் கையைத் தூக்குச்சு. "மாஸ்டர், ஒரு கேள்வி."

"இப்ப வேண்டாம்மா."

"ஒண்ணே ஒண்ணு. பந்து தினம் ஒரே இடத்துலதானே விழுது?"

"ஆமா."

"எல்லாரும் கரெக்டா அனுப்பறாங்கதானே?"

"கரெக்டாத்தான்... ஆனா தப்பான இடத்துக்கு."

"இடம் தப்பில்ல மாஸ்டர். அங்க ஆள் இல்ல, அதான் தப்பு. வலைக்குப் பக்கத்துல பந்தே வராத எடத்துல நான் எதுக்கு நிக்கறேன்? நான் வாளியில நிக்கறேன்."

மாமா அந்த இடத்தையும் வலையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அங்கருந்து தூக்கிக் கொடுக்கணும்னா பந்து ரொம்ப தூரம் போகணும், பெரிய பசங்களே திணறுவாங்க, அதெல்லாம் சொல்ல நினைச்சிருப்பாரு. சொல்ல அவருக்குத் தெம்பு இல்லையா, இல்ல வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. "போய் நில்லு"ன்னாரு.

வக்கீல் போய் நாலு எட்டு பின்னாடி நின்னு, காலால தரையில ஒரு தேய் தேய்ச்சுச்சு. வாளியைச் சரி பண்ற மாதிரியே. அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, "வாளி!"ன்னு கத்துச்சு.

பந்து வந்துச்சு. பின்னாலருந்து பாஸ், நேரா அதோட கைக்கு. நகரவே வேண்டியதில்ல. முதல் ரெண்டு தடவை தூக்கிக் கொடுத்தது பாதியிலயே விழுந்துச்சு. மூணாவது தடவை அந்தச் சின்ன உடம்பு மொத்தத்தையும் போட்டு ஒரு தள்ளு தள்ளுச்சு. பந்து கூரையை முட்டிட்டு வர்ற மாதிரி போய், கொட்டாவி தலைக்கு மேல வந்துச்சு. அவன் அடிச்ச அடியில பந்து தரையைப் பேத்துக்கிட்டு பாதாளத்துக்குப் போயிருச்சுன்னு சொல்லுவேன், நம்பாதீங்க. ஆனா பாயிண்ட் எங்களுக்கு.

அப்படியே போச்சு. பத்துக்குப் பத்து. பன்னெண்டுக்குப் பதிமூணு. வெளிய நின்ன எங்க மத்த புள்ளைங்க எட்டும் ஒவ்வொரு பாஸுக்கும், "டங்! டங்!"னு கத்துச்சுங்க. எதிர்ப்பக்கத்துக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல. மேனேஜர் கடிகாரத்தைப் பாக்க மறந்துட்டாரு, அவரு கண்ணு எந்த நிறம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பதிமூணுக்குப் பதினஞ்சு. செட்டு எங்களுக்கு.

மூணாவது செட்டுல அவங்களும் விவரம் புரிஞ்சு அந்த இடத்துக்கே பந்தைப் போட்டு எங்களைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. அதை விடுங்க. ஒரு செட்டு எடுத்தாச்சு. மேனேஜர் போறப்ப, "ஆறு மாசத்துக்கு உங்க நேரம் உங்களுக்கு மாஸ்டர்"ன்னாரு. மாமாவைப் பாத்தே சொன்னாரு.

வலையையும் பந்தையும் கொண்டாந்து எங்க ஹால்ல வெச்சோம். மாமா தரையிலயே உக்காந்துட்டாரு. அக்கா வாசல்ல நின்னா.

"ஜெயிச்சவன் மூஞ்சி மாதிரியா இருக்கு?"ன்னேன். "எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க."

"தோத்திருந்தா, நாளைக்குச் சாயங்காலம் வீட்ல காலை நீட்டிப் படுத்திருப்பேன்டா. அஞ்சு நிமிசம் அதை நினைச்சுப் பாத்தேன். முதல் செட்டு முடிஞ்சப்ப." அக்காவைப் பாக்காமலே சொன்னாரு. "நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா உள்ள வந்து அவரு பக்கத்துல உக்காந்து, அந்த முழங்காலை எடுத்து தன் மடியில வெச்சு அமுக்கிவிட்டா. "எண்ணெய் பாட்டிலை இங்கயே கொண்டாந்து வெச்சிடறேன்"ன்னா. அவ்ளோதான். வலையோட சக்களத்திச் சண்டை அன்னிக்கு முடிஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரு எந்திரிச்சாரு. இந்தத் தடவை சுவத்துக்குப் பதிலா என் தோளு. வாளி பக்கம் போனாரு. தண்ணியோட அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மூச்சு வாங்கிக்கிட்டே, வலைப் பக்கமா ஒரே ஒரு சாண் இழுத்து வெச்சாரு.

"என்ன மாமா?"

"தினம் ஒரு சாண் நகர்த்து. ஒரு மாசத்துக்குள்ள வலைகிட்ட வந்திரும்."

மறுநாள் அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்தேன். முதல்ல வந்தது வக்கீல். நேரா வாளிகிட்டப் போச்சு. கீழ கறையைப் பாத்துச்சு, வாளியைப் பாத்துச்சு, மாஸ்டரைப் பாத்துச்சு.

"மாஸ்டர், வாளி நகந்திருக்கு."

"ஆமா."

"அப்ப உள்ள விழுந்தா அஞ்சு இல்ல. ஆறு."

மாமா ஸ்டூலைக் காலால ஓரமாத் தள்ளிட்டு, நின்னுக்கிட்டே பந்தை எடுத்தாரு. "ஆறு"ன்னாரு. எனக்குத் தெரியும், அந்த முழங்கால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஓரமா போன ஸ்டூலை நான் எடுத்து, கைக்கெட்டற தூரத்துல வெச்சேன்.